ஈற்றா என்றால் தாகமாம், அம்மா

அம்மா,

மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். பின்னேரங்களில் விறாந்தையில் கதிரையைப் போட்டு, வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, கைபேசியில் பிள்ளைக்குப் பெயர் தேடுவாள். நான் பக்கத்தில் இருந்து நெத்தலிக்குத் தலை கிள்ளுவேன். அவள் வாசிக்கும் பெயர்கள் பாதி என் வாயில் நுழையாது. "வடிவாக் கிடக்கு" என்று எல்லாவற்றுக்கும் சொல்லி வைப்பேன்.

ஒருநாள் திடீரென்று கத்தினாள்.

"அம்மா! உங்கட பேர் கிடக்குது இதில!"

நான் நம்பவில்லை. எங்கள் ஊர் தாழ்வுபாட்டில் மட்டுமல்ல, மன்னார்த் தீவு முழுவதிலும் என் பெயரோடு இன்னொருவரை நான் கண்டதில்லை.

"மெய்யாத்தான். ஈற்றா. அயர்லாந்துப் பேராம், கெல்டிக் எண்டு போட்டிருக்கு. அங்க ஒரு காலத்தில கனபேருக்கு இருந்ததாம். இப்ப வயசான ஆக்களுக்குத்தானாம். பிள்ளையளுக்கு ஒருத்தரும் வைக்கிறேல்லயாம்." விரலால் கீழே தள்ளினாள். பிறகு சிரித்தாள். "கருத்து என்ன தெரியுமே? தாகம். கடவுளைத் தேடுற தாகமாம். தண்ணி விடாய் அம்மா நீங்கள்!"

நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். உலை கொதிக்கிறது என்று ஏதோ சொன்னேன். அடுப்பு மூட்டியே இருக்கவில்லை.

இவ்வளவு காலமும் என் பெயருக்குக் கருத்துத் தெரியாமலே இருந்துவிட்டேன், அம்மா. அதை வைத்த உங்களுக்கும் தெரியாது. நான் பிறந்தபோது நீங்கள் பட்ட பாட்டை நீங்களே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். மிஷன் ஆஸ்பத்திரியில் விடிய விடியக் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தது ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர். நீங்கள் நகத்தால் கீறி அவவின் கையில் இரத்தம் வந்ததாம். கையை எடுக்கவே இல்லையாம். "உங்கட பேர் என்ன சிஸ்டர்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஈற்றா என்றும், அது தன் நாட்டுப் புனிதை ஒருத்தியின் பெயர் என்றும், அந்தப் புனிதை தாயில்லாப் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவள் என்றும் அவ சொன்னதோடு சரி. மேலே கேட்க உங்களுக்கு ஆங்கிலமும் இல்லை, சொல்ல அவவுக்குத் தமிழும் இல்லை.

ஞானஸ்நானத்தன்று கோயிலில் நடந்ததை அப்பா நடித்துக் காட்டுவார். பங்குச் சுவாமி, "ரீற்றாதானே?" என்று கேட்டாராம்.

"இல்ல சுவாமி, ஈற்றா."

"அப்பிடி ஒரு புனிதை இருக்கிறாவோ?"

"இருக்கிறா. அந்தச் சிஸ்டர் பொய் சொல்லமாட்டா."

சுவாமியோடு யாரும் அப்படிக் கதைத்ததில்லையாம். அப்பா பயத்தில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். வீட்டுக்கு வந்த பிறகுதான், "ஊரில இல்லாத பேர், கூப்பிட்டால் ஈ ஓட்டிற மாதிரிக் கிடக்கு" என்றாராம். நீங்கள் அன்று அவருக்குச் சோறு போடவில்லை.

பள்ளிக்கூடத்தில் பெடியள் அதையே பிடித்துக்கொண்டார்கள். ஈ என்றால் இலையான்தானே என்று என்னை "இலையான்" ஆக்கினார்கள். கருவாடு காயப்போட்ட பாய்களைத் தாண்டி நான் நடக்கும்போது, "உன்ர சொந்தக்காரர் எல்லாம் இங்கதான் இருக்கினம்" என்பார்கள். அழுதுகொண்டு வந்து, "ரீற்றா எண்டு மாத்தி விடுங்கோ அம்மா, ஒரேயொரு எழுத்துத்தானே" என்று உங்கள் சீலையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் ஏசவில்லை. மூக்கைத் துடைத்துவிட்டு, "ரீற்றாமார் ஊர் நிறைய இருக்கினம். நான் கூப்பிடேக்க நீ மட்டும்தான் திரும்பவேணும்" என்றீர்கள்.

நாட்டில் சண்டை மறுபடி தொடங்கிய வருடம் எனக்குப் பதினாறு வயது. ஊர்ச் சனம் கோயிலுக்குள் அடைந்து கிடந்தது. உங்களுக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. இந்தியாவுக்குப் போகும் படகொன்றில் எங்கள் இரண்டு பேருக்கும்தான் இடம் கிடைத்தது. "நீங்கள் முன்னால போங்கோ, நான் பின்னால வாறன்" என்று அப்பா கரையில் நின்றார். நீங்கள் ஏறமாட்டேன் என்றீர்கள். என்னைக் காட்டி, "அவளைப் பார்" என்றார். ஏறினீர்கள்.

விடியும் நேரம் படகுக்காரன் ஒரு மணல் திட்டில் எங்களை இறக்கினான். கடற்படை வருகிறது, இதற்கு மேல் போக முடியாது, இந்தியப் படகுகள் வந்து ஏற்றும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான். சுற்றிலும் கடல். ஒரு மரம் இல்லை, ஒரு பற்றை இல்லை. வெயில் ஏறியபோது எல்லோரும் சீலைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இருந்தோம். எங்களிடம் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது.

பேசாலைப் பக்கத்துப் பெண் ஒருத்தி கைக்குழந்தையோடு எங்களுக்குப் பக்கத்தில் இருந்தாள். குழந்தை அழுது அழுது சத்தம் இல்லாமல் வாயை மட்டும் திறந்தது. நீங்கள் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டினீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்தேன்.

"உங்களுக்குக் காய்ச்சல் அம்மா. நீங்கள் குடியுங்கோ."

"அவள் பால் குடுக்கிறவள், பிள்ளை. அவள் குடிச்சால் ரெண்டு உயிர்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு விடாயில்ல."

உங்கள் உதடு வெடித்து இரத்தம் காய்ந்து போயிருந்தது. அந்த வாயாலேதான் அதைச் சொன்னீர்கள். மிச்சம் இருந்ததை நான் குடிக்கும்வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று படகு வரவில்லை. அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன் உங்களுக்கு நினைவு தடுமாறியது. மடியில் தலையை வைத்திருந்தேன். நீங்கள் தண்ணீர் கேட்கவில்லை, அப்பாவைக் கேட்கவில்லை, மாதாவைக்கூடக் கூப்பிடவில்லை. "ஈற்றா... ஈற்றா..." என்றீர்கள். "இங்கதான் இருக்கிறன் அம்மா" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். கடல்தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியில் போட்டேன். வேறு ஒன்றும் செய்ய இருக்கவில்லை. பிறகு நீங்கள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள்.

மணலைக் கையால் கிண்டித்தான் உங்களை வைத்தோம். அந்தக் குழந்தையின் தாயும் என்னோடு கிண்டினாள். ஆழமாகக் கிண்டினால் தண்ணீர் ஊறியது. வயதான ஒருவர் செபம் சொன்னார். இராமேஸ்வரத்துப் படகு வந்தது பொழுது சாயும் நேரத்தில். அவர்கள் கொடுத்த தண்ணீரை வாய்க்குள் வைத்துக்கொண்டு விழுங்க முடியாமல் நின்றேன்.

மண்டபம் அகதி முகாமில் பெயர் பதிந்தவர், "ரீட்டாவா?" என்று கேட்டார். நான் சின்ன வயதில் ஆசைப்பட்ட பெயர். ஓம் என்றிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். "இல்லை ஐயா, ஈற்றா" என்றேன். அவர் மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவர் எழுதி முடிக்கும்வரை மேசையை விட்டு அசையவில்லை. உங்களை விட்டுவிட்டு வந்தபின் நான் முதன்முதலில் அழுதது அந்த மேசைக்கு முன்னால்தான்.

சில கிழமைக்குப் பிறகு அப்பா வந்து சேர்ந்தார். முகாம் வாசலில் என்னைக் கண்டதும், எனக்குப் பின்னால் உங்களைத் தேடினார். பிறகு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

சண்டை ஓய்ந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகும், இதையெல்லாம் நான் மகளுக்குச் சொன்னதே இல்லை. அம்மம்மா இந்தியா போகும் வழியில் காய்ச்சலில் செத்தவ, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று குசினிக்குள் என்னைத் தேடி வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "நான் பகிடிக்குச் சொன்னனான் அம்மா" என்றாள். பிறகு தரையில், என் பக்கத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

என்னை வதைத்ததையும் சொன்னேன். சாகும்போது அம்மா என்னைத்தான் கூப்பிட்டா என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டே இவ்வளவு காலமும் இருந்தேன். தண்ணீர் கேட்காமல் என்னைக் கேட்டா என்று. இப்போது அந்தப் பெயருக்கே தாகம் என்று கருத்தாம். அப்படியானால் அந்த வெயிலில் உங்கள் வாயிலிருந்து வந்தது என்ன? நான் "இங்கதான் இருக்கிறன்" என்று சொன்னது எதற்கு?

மகள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, கோபம் வந்தவள் போலச் சொன்னாள்:

"அம்மம்மாக்கு அயர்லாந்துப் பாஷை தெரியுமே? தெரியாது. அவக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு கருத்துத்தான். நீங்கள். அவ உங்களைத்தான் கூப்பிட்டவ."

அந்தக் கேள்விக்குச் சுவாமிமார் சொல்லக்கூடிய பதில் எதுவும் எனக்கு இவ்வளவு ஆறுதலாக இருந்திராது. ஆனாலும், பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைக்கட்டுமா என்று அவள் கேட்டபோது வேண்டாம் என்றேன். "எனக்கு அதைக் கூப்பிட ஏலாது, பிள்ளை" என்றேன். அவள் வற்புறுத்தவில்லை.

பேத்தி பிறந்துவிட்டாள், அம்மா. நல்ல சுகம். மகள் அவளுக்குச் சின்னதாக, வடிவாக வேறொரு பெயர் வைத்திருக்கிறாள். கல்லறைத் திருநாளுக்கு அவளையும் தூக்கிக்கொண்டு சேமக்காலைக்குப் போனோம். எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைகளுக்குப் பூப்போட்டுத் திரி கொளுத்தினார்கள். அப்பாவுக்குக் கொளுத்தினேன். உங்களுக்கு வழக்கம்போல நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில். அந்தத் திட்டு இப்போது அதே இடத்தில் இருக்காது என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்கிறார்கள். மணல் இடம் மாறிவிடுமாம்.

திரி காற்றுக்கு அணையாமல் கையை வைத்துக்கொண்டு இருந்தபோது யாரோ "ரீச்சர்" என்று கூப்பிட்டார்கள். திரும்பினேன். பாலர் பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளை ஒன்று, இப்போது தாயாகிவிட்டது. ஊருக்கு நான் ரீச்சர். மகளுக்கு அம்மா. மருமகனுக்கு மாமி. இனி இந்தச் சின்னதுக்கு அம்மம்மா. அப்பா இருந்தவரைக்கும் எப்போதாவது பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அவரும் போனபிறகு, அந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட இந்த ஊரில் ஒருவரும் இல்லை. நீங்கள் சுவாமியோடு சண்டை பிடித்து வாங்கித் தந்த பெயர் என்னோடு இருக்கிறது, அம்மா. நீங்கள் கூப்பிட்டால் நான் மட்டும்தான் திரும்புவேன்.