பதினாலு அணா விளைச்சல்

ஆவணி 18. இலஞ்சி.
காலையிலிருந்து சாரல். துணி ஒன்றும் காயவில்லை. விறகு நமுத்து அடுப்படி பூராப் புகை. நல்லெண்ணெய் தீர்ந்தது. வீட்டுக்காரரின் மேலதிகாரி அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்க நம் வீட்டு எண்ணெய்தான்.

இவர் ஆலங்குளம் பக்கம் வயல் பார்த்து விளைச்சல் மதிப்பு எழுத வேண்டியவர். போகவில்லை. அதிகாரியோடு குற்றாலத்தில் இருந்துவிட்டு வந்து சொல்கிறார்: "அருவி பொங்கி விழுதுட்டி. பதினாலு அணாவுக்குக் கொறையாது." முழு விளைச்சலே பதினாறு அணா. அருவியைப் பார்த்து நெல்லுக்கு மதிப்பு! ஆலங்குளத்தில் சொட்டு விழவில்லை என்றேன். "ஒனக்கென்ன தெரியும்?" நான் பிறந்த ஊர் எனக்குத் தெரியாதாம்.

ஆவணி 19.
ஆலங்குளத்திலிருந்து தம்பி வந்தான். நனைந்த துண்டில் ஒரு படி நெல். "கையில அள்ளிப் பாருக்கா. பாதிக்கு மேல சாவி, உள்ள அரிசியே இல்ல. பால் பிடிக்கிற நேரத்துல கொளம் வத்திப்போச்சு." ஊதினேன். பறந்தது.

யுத்தகாலம். பர்மா அரிசியும் நின்றாயிற்று. பதினாலு என்று எழுதினால் அந்தக் கணக்குக்கு சர்க்கார் நெல்லை அளந்து எடுத்துக்கொள்ளும். பிறகு அவன் பிள்ளைகள் எதைத் தின்னும்? விதைக்கு எங்கே போவான்?

"ஒரு தடவ வந்து பாத்துட்டு எழுதுங்க அத்தான்" என்று கெஞ்சினான். இவர் நெல்லைத் தொடக்கூட இல்லை. "ஒரு வயல வச்சுத் தாலுகாவச் சொல்ல முடியுமா மாப்ளே?" ஒரு அருவியை வைத்துச் சொல்லலாமாக்கும்.

ஆவணி 20.
சாரல் விடவில்லை. மத்தியானம் அதிகாரிக்கு இங்கே சாப்பாடு. பருப்பு, அவியல், அப்பளம். சோற்றுக்குத் தம்பி கொண்டுவந்த நெல்லை நானே குத்தினேன். புடைக்கப் புடைக்க முக்கால்வாசி காற்றோடு.

பெரிய தலைவாழை இலை. நடுவில் ஆளுக்கு ஒரு கை சோறு. வைத்துவிட்டு நின்றேன்.

அதிகாரி பார்த்தார். "சோறு?"

"அவ்வளவுதான் ஐயா. ஆலங்குளத்து நெல்லு, ஒரு படி. நீங்க எழுதுத பதினாலு அணா."

அதிகாரி சிரித்தார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "காகிதம் காலைத் தபால்லயே போயிட்டும்மா" என்றார்.

சிரித்தார்! பாவி.

அவர் போனதும் இவர் குதித்தார். "எம் மானத்த வாங்கிட்டியேட்டி!" வாங்கினேன். எங்கள் பத்தாயத்து நெல்லைத் தம்பி வீட்டுக்கு வண்டியேற்றச் சொல்லிவிட்டேன். அவனுடைய சாவி நெல் இங்கே வரட்டும். பதினாலு என்று எழுதிய கை அதைப் பிசைந்து தின்னட்டும்.