பிள்ளையை அழைத்துப் போகத் தகுந்தவர்கள்

நோரிஸ் ரோடு,
சிங்கப்பூர்.
11-12-1962

அன்பு மகள் சிரஞ்சீவி பாக்கியலட்சுமிக்கு அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், மழைக்காலமானதால் அடுப்படிக் கூரையும் வழக்கம்போல் ஒழுகிக்கொண்டு சுகமாக இருக்கிறது. லிவர்பூல் குளிரில் நீயும் உன் தொண்டையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. உன் தங்கை சிவகாமி இந்தக் கடிதத்தின் ஓரத்தில் ஏன் வழக்கம்போல் கிறுக்கவில்லை என்று நீ தேடுவாய். அவள் வீட்டில் இல்லை. பதினைந்து வயதில் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இரண்டு வாரத்துக்குத்தான், அதிலும் ஒரு வாரம் முடிந்துவிட்டது, மீதி ஒரு வாரம் கிடைத்த கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளைப் பல்கலைக்கழக விடுதியிலேயே தங்கவைத்து விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவள் பள்ளியிலிருந்து இரண்டே பெண்களைத் தேர்ந்தெடுத்தார்கள், நம்மவள் ஒருத்தி. செய்தி வந்த அன்று அவள் மாடிப்படியை நான்கு தடவை ஏறி இறங்கினாள், காரணம் கேட்டால் சும்மா என்றாள். கூடவே பிள்ளைகளின் பாதுகாப்புக்கான விதிகள் என்று ஆறு பக்கம் வந்தது. நான் அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தினம் இரண்டு வேளை பெயர் கூப்பிட்டு எண்ணுவார்களாம். பரிசோதனைக்கூடத்தில் ஓர் ஆசிரியரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கக் கூடாதாம், மூன்றாவது ஆள் வேண்டுமாம், கதவு திறந்திருக்க வேண்டுமாம். பெரிய மாணவர்கள் பெண்கள் விடுதியின் படியை மிதிக்கக் கூடாதாம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எழுதி வைப்பாங்க. செய்வாங்களா?” என்றாள். யாராவது ஒருவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நான் பிள்ளைக்கு மாமா என்று சொன்னால் அனுப்பிவிட மாட்டார்களா என்றும் கேட்டாள். நியாயமான கேள்வி. சிராங்கூன் ரோட்டில் நடந்துபோகிற ஆண்களில் பாதிப்பேரை நம் பிள்ளைகள் மாமா என்றுதானே கூப்பிடுகிறார்கள். மீதிப்பேர் சித்தப்பா.

ஆறாவது பக்கத்தில் ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள். பிள்ளையை விடுதியிலிருந்து அழைத்துப் போகத் தகுந்தவர்கள் யார் யார் என்று. இந்த இடத்தில்தான் நாங்கள் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் புத்திக்குப் போய்விட்டோம். ஒருவரை எழுதி ஒருவரை விட்டால் நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது? அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இருபத்தேழு பேர் வந்தார்கள், வயது வரிசைப்படி, இருவர் ஈப்போவில் இருக்கிறவர்கள், ஒருவர் நடமாட முடியாதவர், ஆனாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. மூன்றாம் நாள் தாள் திரும்பி வந்தது. படிவத்தில் இருப்பது இரண்டு வரி, எனவே இரண்டு பெயர்கள் போதும் என்று விடுதிக் கண்காணிப்பாளர் குறிப்பு எழுதியிருந்தார். இருபத்தேழை இரண்டாக்கிய அந்த மாலையைப் பற்றி நான் விவரிக்க விரும்பவில்லை. கடைசியில் அதிகமாகக் கோபித்துக்கொள்ளக்கூடிய இருவரைத் தேர்ந்தெடுத்தோம். உன்னைக் கப்பலேற்றிய அன்று மாலை போடத் தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கும் உன் சேதுபதி மாமா ஒருவர். ஒரு கல்யாணப் பத்திரிகையில் தன் பெயர் மூன்றாவது வரிக்குப் போனதற்காக இரண்டு வருஷம் நம் வீட்டில் காப்பி குடிக்காத பாலகிருஷ்ணன் பெரியப்பா மற்றவர். பட்டியல் ஏற்கப்பட்டது. வீட்டில் சமாதானம் நிலவியது. சிவகாமி பெட்டியோடு போய்ச் சேர்ந்தாள்.

போன வெள்ளிக்கிழமை அவளிடமிருந்து தபால் அட்டை வந்தது. ரோச்சோர் கால்வாய்த் தண்ணீரில் ஒரு சொட்டைப் பூதக்கண்ணாடிக் குழாயில் பார்த்தாளாம், நம் தெருவைவிட நெரிசலாம். தவளையை அறுத்தாளாம், கை நடுங்கவில்லையாம். கடைசி வரியில், வீட்டு ஞாபகமே வரவில்லை என்று சந்தோஷமாக எழுதியிருந்தாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. “மூத்தவளும் இப்படித்தான் ஆரம்பிச்சா,” என்றாள். நீ கவலைப்படாதே, உன்மேல் குற்றம் சொல்லவில்லை. ஒருத்தியை அனுப்பினாள், அவள் இப்போது நீல ஏர்மெயில் காகிதமாக மாதத்துக்கு இரண்டு தடவை வருகிறாள், அவ்வளவுதான் அம்மாவின் கணக்கு. மறுநாள் கோயிலில் சேதுபதி மாமாவின் மனைவி, வயசுப்பிள்ளையை அத்தனை பையன்கள் நடமாடும் இடத்தில் விட்டுவிட்டு நீங்கள் எப்படித்தான் சாப்பிடுகிறீர்களோ என்று விசாரித்திருக்கிறாள். அன்று நாங்கள் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா என் சட்டையை எடுத்து நீட்டி, போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மிச்சப் படிப்பு வேண்டாம் என்றாள். எனக்கு மனமில்லை. நடுவில் கூட்டி வந்தால் அந்தப் பெண் ஒன்றும் பேசமாட்டாள், நம்மை எதிர்த்தும் சொல்லமாட்டாள், அடுத்த தடவை யாராவது அவளைத் தேர்ந்தெடுத்தால் வீட்டில் வந்து சொல்லவும் மாட்டாள். ஆனால் உன் அம்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டு எதிர்வாதம் பேச எனக்குத் தைரியம் வரவில்லை. பச்சை பஸ்ஸில் ஏறிப் புக்கிட் தீமா ரோட்டில் போய் இறங்கினேன்.

கண்காணிப்பாளர் மிஸ் குணமணி யாழ்ப்பாணத்துப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும், சேலையில் ஒரு மடிப்புக்கூட இடம் மாறவில்லை. மகளைக் கூட்டிப்போக வந்தேன் என்றேன். பெயரைக் கேட்டார், ஒரு புத்தகத்தைப் பார்த்தார், பிறகு, “உங்கட பேர் இதில இல்லை, ஐயா,” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கல்யாணப் பத்திரிகையில் அழைக்கிறவனின் பெயர் அழைக்கப்படுகிறவர்கள் வரிசையில் வருமா? இருபத்தேழு பேரை யோசித்த எங்களுக்கு என்னை யோசிக்கத் தோன்றவில்லை. அம்மா பெயரும் இல்லை. அடையாள அட்டையைக் காட்டினேன். கையெழுத்து என்னுடையதுதான் என்று படிவத்தையே காட்டினேன். வேறு வழியில்லாமல் என் மூக்கைக் காட்டி, சிவகாமியின் மூக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்றேன். “மூக்கை வைச்சுப் பிள்ளையை அனுப்பேலாது,” என்றார், சிரிக்காமல். பெயரைச் சேர்க்க வேண்டுமானால் திங்கட்கிழமை அலுவலக நேரத்தில் தலைமையாசிரியையின் கையெழுத்தோடு வர வேண்டுமாம். எனக்குக் கோபம் வந்தது உண்மை. துறைமுகக் கிடங்கில் இருபத்திரண்டு வருஷமாக, சீட்டு இல்லாமல் வந்த வெங்காய வியாபாரிகளை, மூட்டையில் அவர்கள் பெயரே எழுதியிருந்தாலும், வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவன் நான். அவர்கள் என்னை என்னவெல்லாம் நினைத்திருப்பார்கள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

பார்த்துப் பேச மட்டும் அனுமதி உண்டு என்று முன்கூடத்துக்குச் சிவகாமியை வரவழைத்தார், கதவைத் திறந்துவைத்து எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். இவர் யார் என்று பிள்ளையைக் கேட்டார். அப்பா என்றாள். சரி, அது வேறு, இது வேறு என்றார். கூட்டிப்போக வந்தேன் என்று நான் சொன்னதும் சிவகாமிக்கு முகம் சுண்டிவிட்டது. விடமாட்டார்களாம் என்றதும் அந்த முகம் மலர்ந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். மரியாதைக்காக அதை மறைத்துக்கொண்டு, “ரூல் லா அப்பா, நான் என்ன செய்றது?” என்றாள். திரும்பி வரும் வழியில் பிள்ளைக்குப் பசிக்கும் என்று அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கு டின்னை மிஸ் குணமணி புத்தகத்தில் பதிந்துகொண்டு, இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தார். எனக்கும் ஒன்று கிடைத்தது.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். முறைப்படி செய்வதானால் சேதுபதி மாமாவைக் கூட்டிக்கொண்டு போகலாம், அவர் பெயர் இருக்கிறது, இப்போதே போய் அவரை எழுப்புகிறேன் என்றும் சொன்னேன், சொல்ல வேண்டியது என் கடமை அல்லவா. அம்மா எனக்குப் பின்னால் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, “பெத்த அப்பனுக்கே கொடுக்கலையா அந்த அம்மா?” என்று கேட்டாள். கொடுக்கவில்லை என்றேன். “மூக்கைக் காட்டினீங்களா?” காட்டினேன் என்றேன். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். நீ போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “சட்டையைக் கழட்டுங்க. பிள்ளை அங்கேயே இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு உலை வைக்கப் போனாள். அன்று நான் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நேற்று தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கிப் பட்டியலை மாற்றிவிட்டோம். இப்போது அதில் ஒரே பெயர், உன் அம்மா பூவம்மா. இரண்டாவது வரி காலியாக இருக்கட்டும் என்று அவளே சொல்லிவிட்டாள், எனக்காக ஒரு வார்த்தை கேட்டுப்பார்த்தேன், பலிக்கவில்லை. தேக்கா மார்க்கெட்டைத் தாண்டித் தனியாகப் பஸ் ஏறாதவள், வரும் சனிக்கிழமை தானே போய்ப் பிள்ளையை வாங்கி வருவதாக இருக்கிறாள். நான் துணைக்கு வரலாமாம், வாசல்வரை.

உனக்கு எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு, வேளைக்குச் சாப்பிடு, கழுத்தைச் சுற்றிக்கொள்ளாமல் வெளியே போகாதே. சேதுபதி மாமாவுக்குக் கடிதம் எழுதினால் பட்டியல் மாறியதைப் பற்றி மூச்சு விடாதே, பல்கலைக்கழகம் தன்னைத்தான் நம்புகிறது என்று அவர் இன்னும் கடைகடையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும். மறக்காமல் இன்னொன்று: உன் விடுதியில் உன்னை அழைத்துப் போகத் தகுந்தவர்கள் என்று யார் பெயர் எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். உனக்கு இருபத்திரண்டு வயதாகிறது, அப்படியெல்லாம் அங்கே எழுதமாட்டார்கள் என்று விளக்கினேன். வயதானால் என்ன, போய்ச் சொல்லித் தன் பெயரை எழுதிவைக்கச் சொல் என்கிறாள்.

இப்படிக்கு,
எந்தப் பட்டியலிலும் இல்லாத உன் அன்பு அப்பா,
கோ. அரங்கசாமி