குடையை மடக்கிய ஞாயிறு

குதிகாலில் தைலம் தேய்த்துக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். மகள் வீட்டு ஜன்னல்கள் எல்லாம் இறுக்கி மூடியவை. வாசனை போக வழியில்லாமல் அறைக்குள்ளேயே நிற்கிறது. மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் டிவிஷன் டிவிஷனாக நடந்துவிட்டு வந்து, சாயங்காலம் காலை நீட்டி நீங்கள் தேய்த்துக்கொள்ளும் அதே தைலம். நேற்று நான் நடந்த தூரத்தைக் கேட்டிருந்தால், குப்பியை நீங்களே திறந்து கொடுத்திருப்பீர்கள்.

இந்தப் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்களை ஓட விடுவதில்லை. நேற்று அந்த நாள்.

நடந்தது வேடிக்கை பார்க்க மட்டுமல்ல. வந்த நாளிலிருந்து மகளுக்கு ஒரே பேச்சு. "அப்பாவும் போனப்பொறகு ஹட்டன்ல தனியா இருந்து என்ன செய்யப் போறீங்கம்மா? டிக்கெட்ட ரத்து பண்ணிடுறேன், இங்கயே இருங்க." அவள் வேலை செய்வது ஞாபகம் தப்பிய முதியவர்களின் இல்லத்தில். அங்கே பார்ப்பதையெல்லாம் என்னிடமும் தேடுகிறாள். கண்ணாடியை எங்கே வைத்தேன் என்று கேட்டால் போதும், முகம் மாறிவிடும். கடைசியில் நான் ஒரு பந்தயம் வைத்தேன்.

"டவுன் வரைக்கும் நடந்து போவோம். திரும்பி வர்றப்ப வழிய நான் காட்டுறேன். சரியா வந்து சேந்தா டிக்கெட்ல கை வைக்கக் கூடாது."

"சேலையோடயா வரப் போறீங்க? கல்லு பாவுன ரோடும்மா."

"நீ பொறந்த எடத்துல என்ன, பளிங்கா போட்டிருந்தாங்க?"

இஸ்திரி போட்ட சேலை, ஊசி குத்திய மடிப்பு, மேலே கம்பளிச் சட்டை. உங்கள் கொன்வென்ட்டுக்காரி வேறெப்படிப் புறப்படுவாள்?

மற்ற நாட்களில் கடக்கவே பயமாக இருக்கும் அகன்ற வீதியில், பிள்ளைகள் தாரின் மேல் சோக்குக் கட்டியால் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். சைக்கிள்கள் மணியடித்துப் போயின. நட்டநடுவில் நடந்தேன். பொன் விளிம்பு வைத்த பழைய கட்டடங்கள் நிற்கும் சதுக்கம் வரைக்கும் இறக்கம். திரும்பி வர ஏற்றம். மகள் ஒவ்வொரு பெஞ்சாகக் காட்டினாள். ஒன்றிலும் நான் உட்காரவில்லை. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் இடது பக்கம், பாண் சுடும் பேக்கரி தாண்டி வலது பக்கம் என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன்.

பாதி வழியில் தூறல் விழுந்தது. குடையை விரித்தேன். அப்போது பின்னால் எஞ்சின் சத்தம். அன்றைக்கும் பஸ்களுக்குத் தடையில்லை என்பது எனக்குத் தெரியாது. என்ன செய்கிறேன் என்று நினைப்பதற்குள் குடையை மடக்கிவிட்டு, வீதியோரம் ஒதுங்கி, தலையைக் குனிந்து நின்றுவிட்டேன். பஸ் போன பிறகும் நின்றேன். தலைமுடியில் மழை இறங்கியது.

மகள் என் முன்னால் வந்து நின்றாள். வேலை செய்யும் இடத்தில் பேசுவதைப் போல மெதுவாக, சத்தமாகக் கேட்டாள். "அம்மா, நாம இப்ப எங்க நிக்கிறோம்? இன்னைக்கு என்ன கெழம?"

"ஞாயித்துக்கெழம. கேக்குறவ என் மக. வாய் கொஞ்சம் நீளம்."

அவள் சிரிக்கவில்லை. "மழை பெய்யிறப்ப ஏம்மா குடைய மடக்குனீங்க?"

"தோட்டத் தொரையோட ஜீப்புன்னு நெனச்சிட்டேன்."

"தொர ஜீப்புக்குத்தான் நீங்க ரெண்டு பேரும் பாதைய விட்டு எறங்கலையே! அந்தக் கதைய எத்தன வாட்டி சொல்லியிருக்கீங்க?" அவள் கண் கலங்கிவிட்டது. நான் குழம்பிப்போய்விட்டேன் என்றே முடிவு கட்டிவிட்டாள். ஹட்டனுக்குத் திரும்ப வேண்டுமானால் உண்மையைச் சொல்வதைத் தவிர எனக்கு வழியில்லை.

சொன்னேன். நமக்குக் கல்யாணமாகிப் பத்தாவது நாள். நோர்வூட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கித் தோட்டத்துக்கு நடந்துகொண்டிருந்தோம், இதே போலத் தூறலில். ஜீப் சத்தம் கேட்டதும், முன்னால் போன கொழுந்துக் கூடைப் பெண்கள் குடைகளை மடக்கிக்கொண்டு மழைத்தண்ணீர் ஓடும் பாதையோரக் கானுக்குள் இறங்கினார்கள். தோட்டத் துரை போகும்போது யாரும் அவருக்குச் சமமாகப் பாதையில் நிற்பதில்லை. இறங்கு என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆங்கிலம் படித்த நான், கணுக்கால் சேற்றில் புதைய, ஒரு செருப்பு கழன்று போக, அவர்களுக்கும் முன்னால் இறங்கினேன். பாதையில் நின்றது நீங்கள் மட்டும்தான், விரித்த குடையோடு. ஜீப் வேகத்தைக் குறைத்தது. துரை உங்களைப் பார்த்தார். நீங்களும் பார்த்தீர்கள். போய்விட்டார்.

"ஏறி வா" என்று கையை நீட்டினீர்கள். "செருப்பு போனா போகுது." அடுத்த வாரமே உங்களை ஆகத் தூரத்து டிவிஷனுக்குப் போட்டார்கள்.

மகள் குனிந்து என் கால்களைப் பார்த்தாள். "அப்ப இவ்வளவு நாளா சொன்னது பொய்யா?"

"'நாங்க'ன்னு சொன்னேன் பாரு, அது ஒண்ணுதான் பொய்."

"எந்தக் கால் செருப்பும்மா?"

"எடது."

அப்போதுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. என் முந்தானையையே இழுத்துத் தலையைத் துடைத்துவிட்டாள். "சரி, வழியக் காட்டுங்க" என்றாள். குடையை விரித்துக்கொண்டு நடுவீதிக்கு வந்தேன். வாசல் வரைக்கும் ஒரு திருப்பம்கூடத் தவறவில்லை. டிக்கெட் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் நம் வீட்டுக் கதவை நானே திறப்பேன்.

ஒன்று மட்டும் மகளிடம் சொல்லவில்லை. அவளுடைய கல்யாணப் பேச்சுக்கு வந்த சம்பந்தியிடமும் நான் நிமிர்ந்து உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னேன். அவர் உங்கள் பக்கம் திரும்பி, "ரெண்டு பேருமேவா எறங்கல?" என்று கேட்டார். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "ஆமாங்க, நாங்க எறங்கல" என்றீர்கள்.

பிள்ளைகளின் கடிதத்தில்கூட ஒருமை பன்மை பிசகினால் சிவப்பு மையால் திருத்துகிறவள் நான். நீங்கள் சொன்ன அந்த 'நாங்க'வைத் திருத்த இன்றுவரை எனக்குக் கை வரவில்லை.