இடது பக்கம் இழுத்த வண்டி

அன்பு மகள் பாப்புவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். வழக்கத்துக்கு எழுதுகிற சௌக்கியம் என்று நினைத்துவிடாதே, இந்தத் தடவை நிஜமாகவே சௌக்கியம், அதைச் சொல்லத்தான் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ நடுநடுவே கேள்வி கேட்டு என்னைக் குழப்பிவிடுவாய், அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு அப்படி இல்லை இப்படி என்று திருத்துவார். கடிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது பார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இருமல் விட்டதா, அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு பிரிவுக்கே உன்னைப் பொறுப்பாகப் போட்ட பிறகு தூக்கம் கெட்டுப்போகிறதா என்றெல்லாம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஆனால் முதலில் உன் தலைக்குள் ஓடுகிற அந்த நினைப்பைப் பேசிவிடுகிறேன். அப்பாவால் இனிமேல் டாக்சி ஓட்ட முடியாது, நான் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், ராஜினாமா கடிதம் எழுதி வைத்தாயிற்று, மாதக் கடைசியில் கொடுத்துவிடுவேன் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாயே, அதைக் கொடுக்காதே. ஏன் என்று இப்போதே போனை எடுக்காமல் கடைசிவரை படி.

அந்த லேசான பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் இடது கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிட்டது, அது உனக்குத் தெரிந்ததுதான். சட்டைப் பொத்தானை யார் உதவியும் இல்லாமல் போட்டுக்கொள்கிறார், என் கையிலிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு நடக்கிறார். டாக்டரும் பிடிமானம், கண், கால் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு தாராளமாக வண்டி ஓட்டலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆனால் மனுஷன் சவாரிக்குப் போகவே இல்லை. இன்றைக்குத் தலை பாரம், நாளைக்கு மழை வரும் போலிருக்கிறது, தினம் ஒரு சாக்கு. காலையில் நான் குளிக்கப் போகிற நேரம் பார்த்து சாவியை எடுத்துக்கொண்டு கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானம் வரை போய்விட்டு வருவார், வரும்போது முகம் தொங்கிப் போயிருக்கும், கேட்டால் ஒன்றுமில்லை என்பார். இன்னொரு பக்கம் என் கூத்து. அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அடுத்தவர் தயவை எதிர்பார்க்கக் கூடாது என்று வீம்புக்கு இந்த வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டேன், முதல் தடவையே பாஸ் என்பதை மறுபடியும் சொல்லிக்கொள்கிறேன், நீ சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தப் பெருமையோடு நம் வண்டியை எடுத்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்பா, "இடது பக்கம் போறே, நேரா பிடி, ஐயோ மறுபடியும் இடது பக்கம் போறே" என்று ஒரே பாட்டு. எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஸ்டியரிங்கை வலது பக்கம் கொஞ்சம் திருப்பியே பிடித்தால்தான் நேராகப் போகிறது, டிரைவிங் பள்ளி வண்டி இப்படி இல்லை, சரி, ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குணம் என்று நினைத்துக்கொண்டேன். புதிதாகக் கற்றவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும், சொல்.

போன வியாழக்கிழமை மனசு கேட்காமல் ஃபிளாஸ்க்கில் டீ ஊற்றிக்கொண்டு மைதானத்துக்கே போய்விட்டேன். வண்டி நடுவில் நிற்கிறது, அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன், டீயை நீட்டினேன், வாங்கவில்லை. வண்டிய வித்துடலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடது கை என் பேச்சைக் கேக்கல, நேரா பிடிக்கறேன்னுதான் பிடிக்கறேன், அது எனக்கே தெரியாம கீழ இழுக்குது, வண்டி இடது பக்கமே போகுது, ஜனங்களை ஏத்திக்கிட்டு நான் எங்கயாவது கொண்டுபோய் மோதினா என்ன பண்றது என்று கேட்டார். கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது பாப்பு. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதுகூட அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வேறு யாருடைய வண்டியாக இருந்தாலும் ஏறி உட்கார்ந்து தெருமுனை தாண்டுவதற்குள் என்ன கோளாறு என்று சொல்லியிருப்பார், தன் உடம்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டதால் அந்த அறிவெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

நான் தையல் கம்பெனியில் ஆயுசில் பாதியைக் கழித்தவள். புதிதாகச் சேர்கிற பெண்கள் தையல் கோணலாகப் போகிறது, எனக்குக் கை வரவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். நான் முதலில் சொல்வது, துணியிலிருந்து கையை எடு, மெஷின் தானாக ஓடட்டும். அப்போதும் கோணலாகப் போனால் கோளாறு மெஷினில் இருக்கிறது, உன் கையில் இல்லை. அதே ஞாபகத்தில் அப்பாவிடம், என்னங்க, அந்தக் கையைத் தூக்கி மடியில வைங்க, ஒத்தைக் கையால மெதுவா ஓட்டுங்க என்றேன். உனக்கென்ன பைத்தியமா என்று முறைத்தார், ஆனால் வைத்தார். வண்டி நகர்ந்தது, சமர்த்தாக இடது பக்கமே போனது. வலது கையையும் கொஞ்சம் எடுங்க என்றேன். எடுத்தார். வேலியைப் பார்த்து அப்போதும் இடது பக்கம். பிரேக் போட்டார். "உங்க கைதான் மடியில இருக்கே, அப்போ யாருங்க இழுக்கறாங்க?" என்று கேட்டேன். நான் விடவில்லை, நான் ஓட்டும்போதும் இடது பக்கம்தான் போகுதுன்னு கத்துறீங்களே, எனக்கும் பக்கவாதமா என்றேன். அதற்குத்தான் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தரை சாய்வா இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டு வண்டியைத் திருப்பி எதிர்ப்பக்கமாக ஓட்டிப் பார்த்தார், அப்போதும் இடது பக்கம்தான். அட என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் குனிந்து முன் டயரைத் தடவினார். இடது டயரின் உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று தேய்ந்திருக்கிறது, வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறது. வலது பக்கம் போனவர், "ஏய், இது நம்ம டயரே இல்லடி" என்று கத்தினார்.

வேறு யார், எல்லாம் உன் மாமா வேலைதான். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சாமான் எடுக்கவும் ஆட்களைக் கூட்டிவரவும் வண்டி என் தம்பியிடம்தானே இருந்தது. போன் போட்டுக் கேட்டால், சின்னக் குழிதாங்க்கா, முன்சக்கரம் ரெண்டும் இறங்கி ஏறிச்சு, ஒரு டயர் போயிடுச்சு, பழைய டயர்லயே நல்லதா ஒண்ணு பாத்து மாட்டிட்டேன், இருந்த பதட்டத்துல சொல்ல மறந்துட்டேன் என்கிறான். அந்தச் சமயத்தில் இரவு பகல் பார்க்காமல் ஓடியாடியவன் அவன்தான் என்பதால் திட்டைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன், மீதியை நீ வரும்போது கொடுத்துக்கொள்.

நேரே வீல் அலைன்மென்ட் கடைக்குப் போனோம். கடைக்காரரை டிரைவர்கள் எல்லாரும் நேர்கோடு என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவர் கடை போர்டு மட்டும் கோணலாகத் தொங்குகிறது. நாலு சக்கரத்திலும் தகடு மாதிரி எதையோ மாட்டினார், கம்ப்யூட்டர் திரையில் கோணங்கள் எல்லாம் சிவப்பு சிவப்பாக வந்தன. குழியில் வாங்கிய அடியில் இடது முன்சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்துவிட்டதாம், முன்சக்கரம் இரண்டும் ஒன்று கிழக்கே பார்த்தால் ஒன்று மேற்கே பார்க்கிறதாம். வண்டிக்கு அடியில் நின்று ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பத் திருப்ப ஒவ்வொரு எண்ணாகப் பச்சையாக மாறியது, நான் கைதட்டாத குறைதான். ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். முன்னைப்போல இல்லை, ஆனாலும் லேசாக, ரொம்ப லேசாக, இடது பக்கம் போகிறது. அப்பா முகம் அப்படியே இருண்டுவிட்டது. எல்லாம் பச்சைதான் காட்டுச்சு, அப்புறமும் போகுதே, பாத்தியா, கைதான் என்றார். இத்தனை தூரம் கூட்டிவந்து ஆசை காட்டி மோசம் செய்துவிட்டேனோ என்று என்னையே திட்டிக்கொண்டேன். நேர்கோடு மட்டும் அசரவில்லை, அவசரப்படாதீங்க அண்ணே, ரெண்டு டயரும் ரெண்டு ஜாதி, முதல்ல அதைப் பாத்துடுவோம் என்று முன்சக்கரங்களைக் கழற்றி இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றி மாட்டினார். மறுபடியும் அதே ரோட்டில் போனோம். வண்டி வலது பக்கம் இழுத்தது! அப்பா ஓரமாக நிறுத்திவிட்டு, "என் வலது கைக்கு ஒண்ணுமே ஆகலையே!" என்று சொல்லிச் சிரித்தார் பாரு ஒரு சிரிப்பு, ரோட்டில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நானும் சிரித்தேன், மூக்கையும் துடைத்துக்கொண்டேன். குழியின் கோணலோடு அந்த ஒட்டாத டயரும் சேர்ந்துகொண்டுதான் எங்கள் இரண்டு பேரையும் இத்தனை நாள் ஆட்டி வைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு டயர் கடையில் பார்க்க வேண்டுமே உன் அப்பாவை. கடைக்காரர் அகலமான டயரைக் காட்டி, இதைப் போட்டா வண்டி கம்பீரமா இருக்கும் சார் என்கிறார். கம்பீரம் எனக்கு இருக்கு, வண்டிக்கு வேண்டாம், அகல டயர் போட்டா ஸ்டியரிங் கனக்கும், மேடுபள்ளத்துக்கெல்லாம் வண்டி அலையும் என்று சொல்லிவிட்டு, டிரைவர் கதவைத் திறந்து உள்பக்கம் ஒட்டியிருக்கிற அளவுச் சீட்டைக் காட்டி, வண்டியைச் செஞ்சவன் எழுதின அளவு இதுதான், முன்னாடி ரெண்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரி கொண்டாங்க என்றார். எத்தனை மாசம் கழித்து அந்த அதட்டல் குரலைக் கேட்கிறேன் தெரியுமா. பேலன்சிங் பார்த்து, அந்தச் சீட்டில் போட்டிருக்கிற அளவுக்கே காற்று பிடிக்கச் சொல்லி, நேர்கோட்டிடம் திரும்ப வந்து கோணத்தையும் இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டுதான் கிளம்பினார். இதைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா, என் வீட்டுக்காரி என்று அங்கே இருந்த அத்தனை பேரிடமும் சொன்னார். வாயை மூடுங்க என்று இடித்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதைவிடப் பெருமை எது என்றால், சந்தேகத்தோடு ஒரு ஆளைக்கூட ஏற்றமாட்டேன் என்று இத்தனை நாள் பிழைப்பையே விட்டு உட்கார்ந்திருந்தாரே, அதுதான்.

இனிமேல்தான் விஷயமே. வீட்டுக்குத் திரும்பும் வழியில், பெரிய ரோட்டில், வண்டி நூல் பிடித்த மாதிரி போகிறது, அப்பா விரல் நுனியால் பிடித்துக்கொண்டிருக்கிறார். சிக்னல் தாண்டி ஒரு அம்மா பெரிய பெட்டியோடு நின்று கை காட்டினார். சவாரிக்கு வந்த வண்டி இல்லை என்று சொல்லிவிடுவார் என்று பார்த்தால், ஓரம் கட்டி நிறுத்திவிட்டார். ஸ்டேஷனுக்குப் போகணும், ரயிலுக்கு நேரமாச்சு என்றார் அந்த அம்மா. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இறங்கி பஸ் பிடிச்சு போயிடு" என்றார். ஐயையோ பரவாயில்லைங்களா என்று அந்த அம்மா தயங்க, நம்ம வீட்டு ஆள்தாம்மா, கோவிச்சுக்க மாட்டா, ஏறுங்க என்று சொல்லிக்கொண்டே இறங்கி, அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிப் பின்னால் வைத்தார். இடது கையையும் சேர்த்துத்தான் தூக்கினோம் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. கட்டின பெண்டாட்டியை நடுரோட்டில் இறக்கிவிட்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் சவாரிக்குப் போய்விட்டார் உன் அப்பா. வண்டி கண்ணுக்கு மறையும்வரை நான் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன், இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த மனுஷனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மறுநாளிலிருந்து முழுநேரமும் ஓட்டுகிறார். ஏறுகிறவர்களிடம் எல்லாம் என் பொண்ணு ஆய்வுக்கூடத்துல ஒரு பிரிவுக்கே தலைவி என்று சொல்கிறாராம், அந்தப் பேச்சைப் பொய்யாக்கிவிடாதே கண்ணே. அந்த ராஜினாமா கடிதத்தை இந்தக் கடிதம் கிடைத்த கையோடு கிழித்துப் போட்டுவிடு, போட்டுவிட்டேன் என்று எனக்கு ஒரு வரி எழுது. ராத்திரி கண் விழித்து வேலை பார்த்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த தலையோடு, எடுத்த வேலையில் மேலே மேலே வர வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். லீவில் வரும்போது விமான நிலையத்துக்கு யார் வண்டி கொண்டுவருவது என்று எங்களுக்குள் இப்போதே சண்டை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
உன் அம்மா