இருநூறு வோல்ட்

ஏப்ரல் 6

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுவது. நீ கப்பலில் அனுப்பிய காகிதப் பை மெஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. நீ வேலை பார்க்கும் தொழிற்சாலையில் நீயே நின்று ஓட்டியது என்றதும் தெருவே வந்து பார்த்தது. பார்க்க லட்சணமாக இருக்கிறது. கையால் ஒட்டும் வேலையையும் கொஞ்ச நாள் விடாமல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். விரல்களுக்குப் பழகிவிட்டது, பார். படம் அனுப்பு, படம் அனுப்பு என்று நச்சரிக்காதே. பட்டறையில் வெளிச்சம் போதவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மே 19

பிரியமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பற்றி ஷிஃப்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பழைய இரும்புக்குப் போக இருந்த மெஷினைக் கெஞ்சி வாங்கியவள் நான் அல்லவா? இப்போது இன்னொன்றையும் கழிக்கிறார்கள். அதையும் பேசி முடித்துவிட்டேன். கூடிய சீக்கிரம் கப்பல் ஏறும். வீட்டுக்கு உருப்படியாக எதுவும் செய்யாதவள் என்று அப்பா இனி சொல்ல முடியாது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. மெஷின் ஓடுகிறது என்று ஓரிடத்திலும் நீ எழுதவில்லையே, ஏன்?

உன் குட்டி

ஜூன் 8

குட்டி,

அந்தக் கப்பலை நிறுத்த முடிந்தால் நிறுத்து. மெஷின் ஓடவில்லை. ஓடியதே இல்லை.

திறப்பு நாளன்று நாற்காலி போட்டு அக்கம்பக்கத்தாரை உட்காரவைத்திருந்தேன். நம் வயர்மேன் மெஷினில் விவரம் பொறித்திருந்த தகட்டைப் பார்த்துத் தயங்கினார். "எழுத்து புரியல அக்கா. ஒரு நாள் பொறுங்க, யார்கிட்டயாவது கேட்டுட்டு வரேன்" என்றார். வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புவதா? இணைக்கச் சொன்னேன். சுவிட்சைப் போட்டதும் ஓர் உறுமல், கருகின வாடை, புகை. கைதட்ட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

அவமானத்தில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. "நல்லா இருந்த மெஷினை எரிச்சிட்டியே" என்று அத்தனை பேர் முன்னாலும் அவரைத் திட்டினேன். அவர் பையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு தெருவில் யாரும் அவரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா

ஜூலை 2

அக்கா,

உன் கடிதத்தோடு இங்குள்ள எலக்ட்ரீஷியனிடம் ஓடினேன். அந்த மெஷின் வேறு நாட்டில் செய்தது, இருநூறு வோல்ட்டாம். இங்கேயும் அங்கேயும் பட்டறைகளுக்கு வரும் மூன்று ஃபேஸ் கரண்ட் நானூறுதானாம். பக்கத்தில் இருந்த பெட்டி எங்கே என்று கேட்டார்.

மெஷினை ஒட்டிச் சாம்பல் நிற இரும்புப் பெட்டி ஒன்று எப்போதும் முனகிக்கொண்டே இருக்கும். தொட்டால் இளஞ்சூடு. அங்கே நின்ற இத்தனை வருஷமும் அதன் மேல் சாப்பாட்டு டப்பாவை வைத்துத்தான் சூடாக்கினேன். அது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மராம். மூன்று ஃபேஸிலும் வரும் நானூறை இருநூறாக இறக்கி மெஷினுக்குக் கொடுப்பதே அதுதானாம். மெஷினைப் பெயர்த்து அனுப்பியவள், அதை விட்டுவிட்டேன். இது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. எலக்ட்ரீஷியன் சிரித்தார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

பெட்டியை அனுப்பிவிட்டேன். அடுத்த மெஷினை இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று வயர்மேனிடம் சொல்.

குட்டி

செப்டம்பர் 14

அன்புள்ள குட்டிக்கு,

பெட்டி வந்தது. எரிந்த மோட்டாரையும் வெளியே கொடுத்து, உள்ளே சுற்றியிருக்கும் கம்பிக் காயிலை மாற்றிக் கட்டியாயிற்று.

உன் பேரைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம் என்றுதான் வயர்மேன் வீட்டுக்குக் கிளம்பினேன். அவர் மனைவி கதவைத் திறந்து, உள்ளே வா என்றுகூடச் சொல்லாமல் நின்றபோது அந்தச் சாக்கை விட்டுவிட்டேன். அவசரப்படுத்தியது நான்தான் என்றேன். உள்ளேயிருந்து அவர் வந்தார். "எங்கிட்ட சொல்லி என்ன அக்கா? தெருவுல சொன்னதைத் தெருவுல சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். தையல் கடை, மாவு மில், மருந்துக் கடை என்று வாசல் வாசலாக நின்று சொன்னேன். புகை வந்ததைப் பாதிப் பேர் மறந்திருந்தார்கள். "வயர்மேன் எரித்துவிட்டான்" என்பதை ஒருவரும் மறக்கவில்லை.

மறுநாள் அவரே வந்தார். பெட்டியை இணைத்து, மீட்டரை வைத்து, இருநூறு காட்டுகிறதா என்று என்னையே பார்க்கச் சொன்னார். பிறகுதான் சுவிட்சைப் போட்டார். மெஷின் ஓடுகிறது, குட்டி.

டீ போட்டு வைத்திருந்தேன். குடிக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த மெஷின் வந்தா வேற ஆளைப் பாத்துக்குங்க அக்கா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அக்கா என்று வழக்கம்போலத்தான் கூப்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
அக்கா