சும்மா வந்த நான்கு பேர்

சி ரூசா,
ஜூலை 15.

அன்புள்ள ஆட்ரி அப்பாவுக்கு,

உங்கள் அகதா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிள்ளை ஆட்ரியும் நம் டோபி கடையின் இரண்டு சலவை மெஷின்களும் நன்றாக இருக்கிறோம். மூன்றாவது மெஷின்தான் சரியில்லை. சுற்ற ஆரம்பித்தால் கடையே நகர்ந்து கடலுக்குள் போய்விடும் போல ஆடுகிறது. நீங்கள் ஊரில் இருக்கும்போது நீங்களே பிரித்துச் சரி செய்துவிடுவீர்கள். பழுது பார்க்கும் ஆள் அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லியே மூன்று வாரம் ஓட்டிவிட்டார். அங்கே பிந்துலுவில் மழை எப்படி? நேரத்துக்குப் பசியாறுகிறீர்களா? புது இடத்தில் கொசு அதிகம் என்றீர்களே, வலை வாங்கினீர்களா?

விலாசம் மாறிவிட்டது என்று சொன்னீர்கள். அதனால் உங்கள் நண்பர் மார்கஸ் வீட்டு முகவரிக்கே இதை அனுப்புகிறேன். கம்பெனி விடுதியைப் பழுது பார்க்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறதே, இன்னுமா முடியவில்லை? பெரிய விடுதியாகத்தான் இருக்க வேண்டும்.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். முன்பு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவீர்கள். இப்போது செவ்வாய், புதன் என்று பார்க்காமல் காலை பத்து மணிக்குக்கூடக் கூப்பிடுகிறீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நம் பந்து டீமைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள். நான் வேறு எதையாவது ஆரம்பித்தால் லைன் சரியில்லை என்கிறீர்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

சரி, முதலில் டீம் சமாச்சாரம். இல்லையென்றால் நீங்கள் மற்றதைப் படிக்க மாட்டீர்கள். இந்த வருஷம் நம் டீமில் ஆள் வாங்கக் காசு இல்லை. அதனால் நான்கு பேரைச் சும்மா கூட்டி வந்திருக்கிறார்கள். நால்வருமே ஒப்பந்தம் முடிந்து, பழைய டீம் புதுப்பிக்காமல் விட்டவர்கள். இப்படி வருகிறவர்களைப் பற்றி நீங்கள் வருஷா வருஷம் என்ன சொல்வீர்கள் என்று எனக்கு மனப்பாடம். "அடுத்தவன் கழிச்சுக் கட்டின சாமான நாம ஏன் பொறுக்கணும்?" என்பீர்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டுவீர்கள். போன வருஷத்துத் தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இந்த முறை போனிலேயே மார்க் போட்டுவிட்டீர்கள். மூன்று நிமிஷத்தில் நான்கு பேருக்கும் தீர்ப்பு. கோல்கீப்பருக்கு நான்கு, தடுப்பாட்டக்காரருக்கு நான்கு, ஒன்பதாம் நம்பருக்கு மட்டும் போனில் கோல் அடிப்பதைப் பார்த்து ஏழு. நான்காவது ஆள், ரெம்பாவ் ஊர்ப் புனிதனுக்கு ஒன்று. "முப்பத்து மூணு வயசு. வேற டீம் வேணாம்னு விட்ட ஆளு. இந்த வயசுல வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?" என்றீர்கள். அதைச் சொன்ன கையோடு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டீர்கள்.

எனக்குப் பந்து விளையாட்டு தெரியாதுதான். ஆனால் டீம் இரண்டு மாதமாக சி ரூசாவில் தங்கியிருக்கிறது. டீமின் சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் விக்டர், தினமும் பயிற்சி முடிந்ததும் அழுக்கு ஜெர்சிகளை மூன்று பையில் கட்டி வேனில் கொண்டுவந்து நம் கடையில்தான் போடுகிறார். நீங்கள் ஆடுவதைப் பார்த்து மார்க் போடுகிறீர்கள், நான் அழுக்கைப் பார்த்துப் போடுகிறேன். பயிற்சி எங்கே தெரியுமா? நம் தோட்டத்துப் பழைய திடலில். ரப்பர் பால்மரம் எல்லாம் போய்ச் சுற்றிலும் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது, மண் மட்டும் அதே செம்மண். கல்யாணமான முதல் ஐந்து வருஷம் உங்கள் ஜெர்சியில் அந்தக் கறையைத் தேய்த்துத் தேய்த்தே என் கை தேய்ந்தது. அதனால் அந்த மண் எப்படி ஒட்டும், எங்கே விழுந்தால் எங்கே ஒட்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

கோல்கீப்பர் இருபத்திரண்டாம் நம்பர், சபா மாநிலத்துக்காரர். அவர் சட்டையில் இரண்டு முழங்கையிலும் ஒரே அளவுக்கு மண். இரண்டு பக்கமும் விழுந்து எழுகிறவர் என்று அர்த்தம். நம் பழைய கோல்கீப்பருக்கு வலது முழங்கை மட்டும்தான் அழுக்காகும், இடது பக்கம் போகிற பந்தையெல்லாம் கைதட்டி வழியனுப்பி வைப்பார். இவருக்கு என் மார்க் எட்டு. தடுப்பாட்டக்காரர் ஐந்தாம் நம்பர் நல்ல உழைப்பாளி, தோள் தையல் தினமும் பிரிந்து வருகிறது. ஆனால் கால்சட்டைப் பையில் டிஷ்யூ காகிதத்தை வைத்தே அனுப்புகிறார். மெஷினுக்குள் அது பஞ்சாகி இருபது பேர் துணியிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆட்டத்துக்கு ஏழு போட்டு டிஷ்யூவுக்கு இரண்டு குறைத்துவிட்டேன்.

ஒன்பதாம் நம்பர் விஷயத்தில் நான் தப்புச் செய்துவிட்டேன். கிளந்தான் பக்கத்துப் பையன். அவன் ஜெர்சி மட்டும் தினமும் சுத்தமாக வரும். ஒரு பொட்டு மண் இருக்காது. வெயிலில் நின்று வேடிக்கை பார்க்கிறவன் என்று நினைத்து இரண்டு மார்க் போட்டேன். விக்டரிடமும் கேலியாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அக்கா, அவன்தான் ரொம்ப ஓடுறவன். கடையில ஒரு மக்சிக், ஒரு அம்மா, தனி ஆளா துவைக்கிறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. எங்கம்மா வயசு ஆளுகிட்ட சேத்தோட குடுக்க வெட்கமா இருக்குன்னு குளிக்கும்போதே அலசிட்டுத்தான் பையில போடுறான் லா" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இரண்டை அடித்துவிட்டு ஒன்பது போட்டேன். பக்கத்தில் வைத்துப் பார்த்த எனக்கே இப்படி என்றால், பிந்துலுவில் இருந்துகொண்டு போடுகிற மார்க்கை என்ன சொல்வது?

இனி பதினான்காம் நம்பர். புனிதன். இவரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

ஆறு வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை நீட்டி, இதை டீம் துணியோடு போடாமல் தனியாகத் துவைத்துத் தர முடியுமா என்று கேட்டார். உள்ளே முட்டிக்குக் கட்டும் துணிப்பட்டை இரண்டு, தைல வாசனை மூக்கைத் துளைத்தது. அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்றாவது தடவை, விக்டரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். கால்சட்டையைத் தூக்கி முட்டியைக் காட்டினார். பப்பாளிப் பழம் போல வீங்கியிருந்தது.

"டீம் டாக்டர் பாத்தா அன்னைக்கே காண்ட்ராக்ட்ட கிழிச்சிடுவாங்க ஆன்ட்டி. இதுக்கு அப்புறம் என்னை யாரு கூப்பிடுவா? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குப் போறது?" என்றார். வீடு எங்கே என்று கேட்டேன். ரெம்பாவில் மனைவி ரதியும் இரண்டு வயசுப் பெண் குழந்தையும் இருக்கிறார்களாம். இங்கிருந்து மோட்டாரில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அந்த வீட்டுக்கு ஒரு மாதமாகப் போகவில்லையாம். நடப்பதைப் பார்த்தால் ரதி கண்டுபிடித்துவிடுவாள் என்று பயமாம். பயிற்சி அதிகம், லீவு இல்லை என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. "உன் பொண்டாட்டி என்ன கோச்சா, உனக்கு மார்க் போட? வீட்டுக்குப் போறதுன்னா என்ன, ஜெயிலுக்கா போற? முட்டி வீங்கினா வீட்டுக்கு வராம வேற எங்க போவ? அவ உன் காலையா கட்டிக்கிட்டா?" என்று கத்திவிட்டேன். போர்வை வாங்க வந்திருந்த சீனக் கிழவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ரதியிடம் சொல்லாமல் இனி இந்தக் கடைப்பக்கம் வராதே என்று சொல்லித் துணிப்பட்டையைக் கையில் கொடுக்காமல் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டேன். திட்டியது கொஞ்சம் அதிகம்தான். அதில் பாதி அந்தப் பையனுக்குச் சேர வேண்டியது இல்லை. அவர் போன பிறகு மூன்றாவது மெஷினுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.

அன்று சாயந்தரமே ரெம்பாவுக்குப் போயிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ரதியையும் குழந்தையையும் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். ரதி சின்னப் பெண், வாய் நிறையச் சிரிப்பு. அவளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே தெரியுமாம். டீம் போட்ட பயிற்சி வீடியோவில் இவர் குதித்து இறங்கும்போது ஒரு காலை மட்டும் ஊன்றுவதைப் பார்த்துவிட்டாளாம். ஏன் கேட்கவில்லை என்றேன். "அவரா சொல்லட்டும்னு இருந்தேன் ஆன்ட்டி. நான் கேட்டு அவர் இல்லன்னு பொய் சொல்லிட்டா, அப்புறம் அவருக்குத் திரும்பி வர வழி இருக்காதில்ல?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கோச்சிடமும் சொல்லிவிட்டார். கோச் இரண்டு நாள் குதித்தாராம். உங்களிடம் எதற்குப் பொய், எல்லாமே நல்லபடியாக முடிந்துவிடவில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தத்தை டிசம்பர் வரைக்கும் என்று குறைத்துவிட்டார்கள். முட்டியில் நீர் கோத்திருக்கிறது, எட்டு வாரம் ஓடக் கூடாது. முதல் ஆட்டத்தில் அவர் இடத்தில் வேறு ஒருவர் விளையாடுவார். ஆனால் மனுஷனின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்போது தினமும் ரெம்பாவிலிருந்துதான் வந்து போகிறார். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக் கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. துணிப்பட்டையை விக்டரின் பையிலேயே போட்டு அனுப்புகிறார். பதினான்காம் நம்பருக்கு நான் பத்து போட்டிருக்கிறேன். ஒரு பந்தும் உதைக்காத ஆளுக்குப் பத்தா என்று நீங்கள் கத்துவது இங்கே கேட்கிறது.

வேறு செய்தி என்றால், மகேந்திரன் ரெம்பாவுக்குத் திரும்பிவிட்டார். உங்கள் பிரிவில் வெல்டிங் வேலை பார்த்தாரே, அவர்தான். மே மாதம் கடைக்குப் போர்வை கொண்டுவந்தார். "ஏப்ரலோட அம்பது வயசு தாண்டின எல்லாரையும் நிறுத்திட்டாங்க அண்ணி, எங்க பிரிவுல ஒருத்தரும் மிச்சம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திவிட்டார். உங்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போர்வைகளை எண்ணி டோக்கன் கொடுத்தேன். ஆட்ரியிடமும் நான் எதுவும் பேசவில்லை. இப்போது மகேந்திரன் வீட்டுப் பின்னாலேயே இரும்புக் கதவு, ஜன்னல் கம்பி செய்து கொடுக்கிறார். கையாள் போதவில்லையாம். நன்றாக வேலை தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்று போன வாரம்கூடக் கேட்டார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி சனிக்கிழமை முதல் ஆட்டம். புனிதன் இரண்டு டிக்கெட் கொடுத்தார். அவரும் ரதியும் உட்காரும் வரிசையிலேயே பக்கத்து இடம். ஆன்ட்டியும் அங்கிளும் கட்டாயம் வர வேண்டும் என்றார். அங்கிளுக்கு வேலை இருக்குமே என்று என் வாய் சொல்லப் பார்த்தது. சொல்லவில்லை. சரி என்று இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

புது மார்க் தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டேன். என் மார்க் எல்லாம் எழுதியிருக்கிறது. நீங்கள் போனில் சொன்ன மார்க்கை எழுதவில்லை, உங்கள் பக்கம் காலியாக இருக்கிறது. புனிதனுக்கு ஒன்றுதான் என்றால் வந்து உங்கள் கையாலேயே எழுதுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

உங்கள் மஞ்சள் ஜெர்சியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறேன். அங்கே தொங்குகிற எல்லாத் துணிக்கும் எடுக்க வேண்டிய தேதி எழுதிய சீட்டு உண்டு. தேதி தாண்டினால் பொறுப்பில்லை என்று சுவரில் நீங்கள்தானே பலகை மாட்டினீர்கள். உங்கள் சட்டையில் குத்திய சீட்டில் பெயரை மட்டும் எழுதினேன். தேதி எழுதவில்லை.

சொல்லிவிட்டு வந்தாலும் சரி, சொல்லாமல் வந்தாலும் சரி. நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கடையை எப்போதும் போலக் காலை ஏழு மணிக்குத் திறந்துவிடுவேன், வீட்டுச் சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. தினமும் ஜெபத்தில் உங்கள் பெயரைச் சொல்கிறேன். அந்தோணியார் உங்களைப் பத்திரமாகக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

என்றும் உங்கள்,
அகதா.

பி.கு.: மெஷினைப் பழுது பார்க்கும் ஆள் நேற்று போன் செய்தார், வெள்ளிக்கிழமை கட்டாயம் வருகிறாராம். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.