ஒரு ஆளைக் கேட்டார், பதினொரு பேர் போனோம்

அன்புச் சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டம்போல் இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்பாய், அதனால்தான் கடிதம். என் குட்டி விமானம் நர்சரிக்காரரின் கண்ணாடிக் கூரையை உடைத்து உள்ளே விழுந்ததும், நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அவர் மருமகளுக்குக் கையில் கண்ணாடி கிழித்துத் தையல் போட்டதும் அண்ணன் சொல்லி உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது அவனுக்கே தெரியாது, முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

எங்கள் கிளப்பில் நாங்கள் ரிமோட் விமானம் விடும் மைதானமும் அந்த நர்சரிக்காரருடையதுதான். அவர் கேட்டைப் பூட்டிவிட்டு, யார் செஞ்சதுன்னு ஒரு ஆளைக் காட்டுங்க, அந்த ஆள் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது, அப்பத்தான் திறப்பேன் என்று சொல்லிவிட்டார். கிளப் விதியும் அதுதான், ரிமோட் யார் கையில் இருந்ததோ அவரே பொறுப்பு. அது என் கையில் இருந்தது. நான் இடது பக்கம் திருப்ப, விமானம் வலது பக்கம் போனது. வயசாச்சும்மா, கை நடுங்கியிருக்கும், செலவைக் கொடுத்துட்டு வீட்டுல இரு என்றான் உன் அண்ணன். நீயும் அதையே கொஞ்சம் தேன் தடவிச் சொன்னாய். நான் ஊசியில் நூல் கோத்துப் பார்த்தேன், முதல் தடவையிலேயே கோத்துவிட்டேன், ஆனாலும் மனதுக்குள் சந்தேகம் புகுந்துவிட்டது. செலவைக் கொடுத்துவிட்டு மரியாதையாக விலகிவிடலாம் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்துக்குப் போனேன்.

எங்கள் பழைய ரிமோட்டுகளில் ஒரு சங்கடம், ஒரே சேனலை இரண்டு பேர் போட்டால் விமானம் யார் பேச்சையும் கேட்காது. அதற்காகக் கொட்டகைச் சுவரில் ஒரு பலகை, சேனலுக்கு ஒரு கிளிப். கிளிப்பை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்ட பிறகுதான் ரிமோட்டைப் போடலாம். அன்று என் சேனல் கிளிப் என் தோளில்தான் இருந்தது. யாராச்சும் கிளிப் இல்லாம போட்டீங்களா என்று எங்கள் கிளப்பில் இருக்கும் வக்கீல் கேட்டார். ஒப்புக்கொண்டால் செலவும் தலையில், மைதானமும் போச்சு, யார் வாய் திறப்பார்? தண்டனை ஒரே ஆள் தலையில் என்று இருக்கும்வரை உண்மை வெளியே வராது என்று அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று பட்டது. கான்வென்ட் பள்ளியில் சிஸ்டர்கள் பழக்கிய மாதிரி நிமிர்ந்து நின்று, இந்த விபத்து தொடங்கி இனி யார் விமானம் விழுந்தாலும் செலவு எல்லோருக்கும் பங்கு, மன்னிப்புக் கேட்கப் போவதும் எல்லோரும், யாரையும் பிடித்துக் கொடுப்பதில்லை என்றேன். ஒழுங்கா விடுறவன் எதுக்கும்மா அடுத்தவன் தப்புக்கு அழணும் என்று வக்கீல் கேட்டார். நானும் ஒழுங்காத்தான் விட்டேன், இதோ மாட்டிக்கிட்டு நிக்கறேனே என்றேன். ஒவ்வொரு கையாகத் தூக்கினார்கள், வக்கீல் கைதான் கடைசி. தூக்கிய கைகள் இறங்குமுன் கிளப்பில் இருக்கும் பல் டாக்டர் எழுந்தார். காருக்குள்ள உக்காந்து, ரிமோட்ல சார்ஜ் இருக்கான்னு சும்மா சுவிட்சை ஒரு தட்டு தட்டினேம்மா, எனக்கும் உங்க சேனல்தான், கிளிப் எடுக்கல என்றார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்குகிறவருக்கு அந்த ஒரு வார்த்தையைப் பிடுங்க எவ்வளவு பாடு. நன்றாகத் திட்டினேன், பிறகு தண்ணீர் கொடுத்தேன்.

அப்படியே கிளப்பில் இருக்கும் பதினொரு பேரும் நர்சரிக்குப் போனோம். ஒரு ஆளைக் கேட்டா ஊர்வலமே வந்திருக்கீங்க என்றார் அவர். பல் டாக்டர்தான் முதலில் பேசினார், வக்கீலை நான் பேச விடவில்லை. கட்டுப் போட்ட கையோடு வந்த மருமகள், இத்தனை பேரும் நாங்கதான்னு நின்னா யாரை மாமா வெளிய நிறுத்துவீங்க என்று சிரித்துவிட்டாள். அவர் மைதானத்துச் சாவியை எடுத்தார். தையல் பிரிக்கும் வரை அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது பல் டாக்டரின் கார். கூரைக்கு நாங்களே கண்ணாடி போடுகிறோம். கிளிப் இல்லாதவன் ரிமோட்டைத் தொடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு, என் கண்டிப்பு உனக்குத் தெரியுமே.

சின்னவளே, அன்று ரோஷப்பட்டு எல்லாவற்றையும் நானே ஏற்றுக்கொண்டு விலகியிருந்தால் ஊர் என்னை மெச்சியிருக்கும். நடுங்கியது என் கைதான் என்று சாகும்வரை நானும் நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

மூவரும் நீடூழி வாழ்க. உன் மூக்குக் கண்ணாடியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா? அண்ணனிடம் இதை நீயே சொல், நான் சொன்னால் ஜம்பம் என்பான்.

ஆசிகளுடன்,
உன் அம்மா